கோழித்தீனும் குடும்பத்தின் சுகமும்

(மூதூர், சம்பூர், வெருகல், குச்சவெளிப் பகுதிகளுக்குத் திரும்பும் குடும்பங்களுக்காகத் திருகோணமலை நகரில் நடந்த கூட்டத்தில், கால்நடை வளர்ப்புப் பயிற்றுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

காணி, வீட்டுத்திட்டம், கண்ணிவெடி என்று பெரிய விடயங்களைக் காலையிலிருந்து கேட்டுக் களைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஒரு மூடை கோழித்தீனைப் பற்றி. சின்ன விடயம்போலத் தெரியும். ஆனால் வாழ்வாதார உதவியாகக் குஞ்சு வாங்கும் உங்களில் பலருக்கு, முதல் காசு முட்டையில்தான் வரப்போகிறது. அந்த முட்டையைத்தான் உங்கள் பிள்ளையும் சாப்பிடப்போகிறது. தீனில் இருக்கும் கிருமி கோழிக்குள் போகும், கோழியிலிருந்து முட்டைக்கும் இறைச்சிக்கும் வரும், அங்கிருந்து உங்கள் குசினிக்கு வரும். அந்த வழியை ஆரம்பத்திலேயே அடைப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

கிருமியின் பெயர் சல்மொனெல்லா. நிவாரணத்தில் கிடைத்த சமன் டின்னுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1885-ம் ஆண்டு அமெரிக்காவில் டானியல் சமன் என்ற மிருக வைத்தியரின் கீழ் வேலை செய்தவர்கள் பன்றியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அவருடைய பெயரே பிறகு கிருமிக்கு நிலைத்துவிட்டது.

இதில் பல வகை உண்டு. ஒரு வகை கோழியை மட்டும் தாக்கும். பொரித்த சில நாட்களில் குஞ்சுகள் ஒடுங்கி நின்று, பின்பக்கம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சாவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கழிச்சல் என்போமே, அதற்கு இந்த வகைதான் முக்கியமான காரணம். இன்னொரு வகை மனிதரை மட்டும் தாக்கும். அதுதான் நெருப்புக் காய்ச்சல். அது கோழியிலிருந்து வருவதில்லை, நோயாளியின் மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் வருவது. மூன்றாவது வகைதான் இன்று நமக்கு முக்கியம். அது கோழிக்குள்ளும் இருக்கும், மனிதருக்குள்ளும் போகும். வளர்ந்த கோழிக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கோழி தின்னும், கொக்கரிக்கும், முட்டையிடும். எச்சத்தில் மட்டும் கிருமி போய்க்கொண்டிருக்கும். தீனைப் பார்த்தும் மணந்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கிருமி உள்ள தீனும் இல்லாத தீனும் ஒரே நிறம், ஒரே மணம்.

தீனில் இது எங்கிருந்து வருகிறது? தவிட்டிலிருந்தும் புண்ணாக்கிலிருந்தும் வரலாம். ஆனால் உலகம் இதை நன்றாக உணர்ந்தது மீன்தூளால். தென்னமெரிக்காவில் பெரு என்ற நாடு இருக்கிறது. நம்முடைய நெத்தலியின் இனத்தைச் சேர்ந்த மீனை அங்கே பெருமளவில் பிடித்து, அவித்து, காயவைத்து, தூளாக்கி, கோழித்தீனுக்கென்று உலகமெல்லாம் அனுப்பினார்கள். 1970-ம் ஆண்டளவில் அந்தத் தூளோடு சல்மொனெல்லாவின் அகோனா என்ற வகையும் கப்பலேறியது. அதுவரை மிக அரிதாகவே தெரிந்த அந்த வகையால் அமெரிக்கா, பிரித்தானியா, நெதர்லாந்து, இஸ்ரேல் ஆகிய நான்கு நாடுகளில் சில வருடங்களுக்குள் ஆட்கள் நோயில் விழுந்தார்கள். 1972-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தில் பலருக்கு வயிற்றோட்டம் வந்தபோது தேடிக்கொண்டு போனார்கள். ஒரு சாப்பாட்டுக்கடை, அந்தக் கடைக்குக் கோழி வந்த பண்ணை, அந்தப் பண்ணையில் போட்ட பெரு நாட்டு மீன்தூள் என்று வழி பின்னோக்கிப் போனது. நோயில் விழுந்தவர்கள் மீன்தூளைக் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

ஏன் இந்தத் தூரத்துக் கதையைச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எல்லோரும் மீன்தூள் செய்யக்கூடியவர்கள். கரைவலை இழுக்கும் சாம்பல்தீவு, நிலாவெளி, சல்லி, மூதூர்க் கரைகளில் சூடையும் நெத்தலியும் குவியும் நாட்களில் விலைபோகாத மீன், தலை, குடல் எல்லாம் சும்மாவே கிடைக்கும். மூடைத் தீன் விலைக்கு அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. தவிடு, குறுணல், தேங்காய்ப் புண்ணாக்கு இவற்றோடு மீன்தூள் சேர்ந்தால்தான் கோழி ஒழுங்காக முட்டையிடும். செய்யும் விதத்தில்தான் விடயம் இருக்கிறது.

மீன்கழிவை எடுத்த அன்றே அவியுங்கள். தண்ணீர் மூடிநிற்க வேண்டும். நன்றாகக் கொதித்து எழும்பியபின் அரைமணி நேரம் கொதிநிலையிலேயே இருக்கட்டும். ஈரமான உணவு எழுபது பாகை செல்சியசுக்கு மேல் சில நிமிடம் உள்ளே வரை சூடானால் இந்தக் கிருமி செத்துவிடும். அரைமணி நேரம் கேட்பது, பெரிய தலைகளின் நடுப்பகுதி வரை சூடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. பிறகு வடித்து, பிழிந்து, வெயிலில் காயப்போடுங்கள்.

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவித்த மீனில் கிருமி இல்லை. அதைப் பச்சை மீன் கொண்டுவந்த அதே கடகத்தில் அள்ளினால் கிருமி மறுபடி வந்துவிடும். பச்சைக் குடலைத் தொட்ட கையால் பரப்பினாலும் அப்படித்தான். வீதித் தாரில், கடற்கரை மணலில், நிலத்தில் விரித்த தறப்பாளில் காயவைத்தால் காகம் எச்சமிடும், நாய் மிதிக்கும், ஆடு நடந்துபோகும். பெரிய மீன்தூள் ஆலைகளிலும் இதே சிக்கல்தான். அடுப்பில் கிருமி சாகிறது, ஆறவைக்கும் இடத்திலும் களஞ்சியத்திலும் பறவையாலும் எலியாலும் தூசியாலும் மறுபடி சேர்கிறது. ஆகவே பச்சைக்கு ஒரு கடகம், அவித்ததற்கு இன்னொரு கடகம் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இடுப்பு உயரத்தில் நான்கு கம்பு நட்டு, மேலே வலையைக் கட்டி அதில் பரப்புங்கள். அதற்கு மேல் பழைய நுளம்புவலையை மூடிவிடுங்கள். முகாமில் தந்த நுளம்புவலை கிழிந்துபோயிருந்தால் அதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. அந்திக்குப் பனி விழுமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். ஒரு துண்டை வளைத்தால் மடங்காமல் ‘டக்’ என்று முறிய வேண்டும். அதுவரை காயட்டும். பிறகு இடித்து அரிதட்டில் அரித்து வைக்கலாம்.

வெயில் கிருமியைக் கொன்றுவிடும் என்று சிலர் நினைப்பதுண்டு. அப்படி நம்பியிருக்க வேண்டாம். காய்வதால் கிருமி பெருகுவது நிற்கிறது, அவ்வளவுதான். சாகாமல் கிடக்கும். 1996-ல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றில், சோதனைக்காகக் கிருமி கலந்துவைத்த கோழித்தீனில் 26 மாதம் கழித்தும் உயிருள்ள சல்மொனெல்லா இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். காய்ந்த தீனில் கிடக்கும் கிருமி ஈரத்தில் இருப்பதைவிடச் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். சந்தேகமான தீனைச் சட்டியில் லேசாக வறுத்துவிட்டால் சரி என்பது பிழையான கணக்கு. ஈரமாக இருக்கும்போது அவிக்க வேண்டும், அவித்தபின் காயவைக்க வேண்டும். ஒழுங்கை மாற்றினால் பலன் இல்லை.

கருவாட்டுக் கழிவு வேறு விடயம். உப்புப் போட்டது என்பதால் கிருமி இல்லை என்று எண்ண வேண்டாம். அதைவிட, உப்பே குஞ்சுக்கு நஞ்சாகும். உப்பு கூடினால் குஞ்சு தண்ணீர் தண்ணீர் என்று குடித்து, கழிந்து, விழுந்து செத்துவிடும். கருவாட்டுத் தூளைக் கோழிக்குப் போடாதீர்கள். நல்ல மீன்தூளும் பத்துக் கிலோ கலவைக்கு ஒரு கிலோவைத் தாண்டத் தேவையில்லை. கூடினால் முட்டை மீன் மணக்கும், வாங்க ஆள் வராது.

இனிக் கடைத்தீன். இலங்கையில் 1986-ம் ஆண்டின் 15-ம் இலக்கக் கால்நடைத் தீவனச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தீவனம் உற்பத்தி செய்பவர்கள் அதன்படி பதிவு செய்திருக்க வேண்டும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் இதைப் பார்க்கிறது. மூடை வாங்கும்போது தைத்த வாய் பிரியாமல் இருக்கிறதா, உற்பத்தியாளர் பெயரும் திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் திறந்த சாக்கிலிருந்து கிலோக்கணக்கில் அள்ளித் தருவதை வாங்கவேண்டி வந்தால், அந்தச் சாக்கைச் சுற்றி எலிப்புழுக்கை கிடக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, காசு உங்களுடையது. சீனக்குடா மாவாலைக் கோதுமைத் தவிடும் இந்தப் பக்கம் தாராளமாகப் புழங்குகிறது. ஆலையிலிருந்து நல்லதாக வந்தாலும், உரப்பையில் மாற்றிக் கட்டி, மழையில் லொறியேற்றி வந்தால் அது வேறு தவிடு.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் எங்கே வைப்பீர்கள்? இங்கே நிறுவனங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குஞ்சு கொடுக்கிறோம், கூடு கொடுக்கிறோம், ஒரு மூடை தீனும் கொடுக்கிறோம். அந்தத் தீனை வைக்க மூடியுள்ள ஒரு வாளி கொடுக்க மறந்துவிடுகிறோம். தற்காலிகத் தகரக் கொட்டிலில் பகலில் அனல், இரவில் குளிர். விடியப்புறம் தகரத்தின் உட்பக்கம் வியர்த்துச் சொட்டுவது உங்களுக்குத் தெரியும். அந்தச் சொட்டு மூடைமேல் விழுகிறது. நிலத்தில் வைத்த மூடை அடியால் ஈரத்தை இழுக்கிறது. மாரியில், ஐப்பசி முதல் தை வரை, இரண்டும் சேர்ந்து வரும். காய்ந்து கிடந்த கிருமிக்கு இந்த ஈரம் போதும். நம்முடைய வெக்கையில் ஈரமும் தீனும் கிடைத்தால் அது அரைமணி நேரத்தில் இரட்டிக்கக்கூடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாலை எட்டு மணிக்கு ஒன்று, விடிய ஆறு மணிக்குப் பத்து இலட்சத்துக்கு மேல்.

ஆகவே மூடையை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்திப் பலகையில் வையுங்கள். தகரச் சுவரிலிருந்து கை நுழையும் அளவு தள்ளி வையுங்கள். மேலே தறப்பாள் துண்டு ஒன்று கட்டுங்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் பரல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பூச்சிமருந்து வந்த பரல் வேண்டவே வேண்டாம். வெயிலில் சூடான தீனை உடனே பரலில் போட்டு மூடினாலும் உள்ளே வியர்க்கும், ஆறவிட்டு மூடுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதைவிடக் கூட வாங்க வேண்டாம். விலை ஏறப்போகிறது என்று மூன்று மூடை வாங்கி வைப்பது இந்தக் காலநிலையில் லாபமில்லை.

பரலை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் எலி. பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வளவுக்கு நீங்கள் திரும்பும்போது, அங்கே உங்களுக்கு முதலே குடியிருப்பது எலிதான். 2006-ல் சம்பூரை விட்டுப் போய், கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் இருந்து, ஒன்பது பத்து வருடம் கழித்துத் திரும்பியவர்களைக் கேளுங்கள், காட்டை வெட்ட வெட்ட எலி வீட்டுக்குள் வந்ததைச் சொல்வார்கள். கிருமியுள்ள சுண்டெலியின் ஒரு புழுக்கையில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேல் சல்மொனெல்லா எண்ணப்பட்டிருக்கிறது. ஒரு புழுக்கை தீனோடு அரைபட்டுக் கலந்தால் அந்த மூடையின் கதி என்ன என்று யோசியுங்கள். கூட்டைச் சுற்றி ஆறடிக்குப் புல்லையும் தகரத் துண்டுகளையும் அகற்றுங்கள். இரவில் தீன்பாத்திரத்தைக் கூட்டுக்குள் விடாதீர்கள்.

பழைய கூடு நிற்கிறது, அதையே திருத்திப் பாவிப்போம் என்பவர்கள் முதலில் பழைய எச்சத்தையும் தூசியையும் நனைத்துச் சுரண்டி எடுங்கள். காயவிட்டுக் கூட்டினால் தூசி உங்கள் மூக்குக்குள்தான் போகும். அதன்பின் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு பூசி, இரண்டு கிழமை வெயிலில் வெறுமையாக விடுங்கள். அழுக்கின்மேல் சுண்ணாம்பு பூசினால் அழுக்குத்தான் வெள்ளையாகும்.

குழைத்த தீனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பெரும்பாலும் தவிட்டைக் கஞ்சித்தண்ணியில் குழைத்துத்தான் போடுகிறோம். அது பிழையில்லை. ஒரு மணி நேரத்தில் கோழி தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் குழையுங்கள். மிஞ்சியதைச் சுரண்டி எறியுங்கள், அதன்மேல் புதிதைக் கொட்டாதீர்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூரையிலிருந்து தொங்கவிட்டால் கோழி ஏறி எச்சமிடாது. வெள்ளம் ஏறிய கிணறு, இறைத்துக் குளோரின் போடாத கிணறு, இவற்றின் தண்ணீர் கோழிக்கும் கூடாது.

அரிசி அளக்கும் சுண்டால் தீன் அளக்காதீர்கள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தீன் மூடைக்குள் சுண்டு கிடக்கும். ஒரு பழைய பால்மாப் பேணியை அதற்கென்றே வைத்து, அதை வெளியிலேயே தொங்கவிடுங்கள். தீன் போடும் வேலை பெரும்பாலும் பிள்ளைகளிடம்தான் இருக்கிறது. பிள்ளை போடட்டும், போட்டபின் கை கழுவட்டும். ஐந்து வயதுக்குக் குறைந்ததுகளை அந்த வேலைக்கு விட வேண்டாம், அதுகளின் கை வாய்க்குப் போகும்.

தீனைக் கவனித்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும் வகையும் உண்டு, குருவியும் காகமும் கொண்டுவரும். அதனால் முட்டையையும் கவனிக்க வேண்டும். நம் ஊர்களில் பெரியபிள்ளையான பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. பிள்ளைக்குச் சத்துச் சேர வேண்டும் என்ற எண்ணம் நல்லது. அம்மம்மாமாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதே முட்டையை, அதே நல்லெண்ணெயில், மஞ்சள்கரு இறுகும்வரை பொரித்துக் கொடுங்கள். சத்து குறையாது. அரை அவியல் முட்டையைக் கர்ப்பிணித் தாய்மாருக்கும் வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தவிருங்கள்.

நோய் வந்தால் எப்படித் தெரியும்? கிருமி உள்ளே போய் ஆறு மணி நேரத்திலும் வரலாம், ஓரிரண்டு நாள் கழித்தும் வரலாம். காய்ச்சல், வயிற்றுவலி, சத்தி, வயிற்றோட்டம். பெரியவர்களுக்கு அநேகமாகச் சில நாளில் தானாகவே மாறும். சின்னப் பிள்ளை அப்படியில்லை, உடம்பில் தண்ணீர் வற்றிவிடும். ஒரு பை ஜீவனியைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கரைத்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தால், சலம் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை சோர்ந்து கிடந்தால், விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். மூதூர், கிண்ணியா, திருகோணமலை, எந்த ஆஸ்பத்திரி கிட்டவோ அங்கே கொண்டு போங்கள்.

குஞ்சு செத்தால் கிணற்றடியிலோ களப்பிலோ எறியாமல் ஆழமாகத் தாட்டு, மேலே சுண்ணாம்பு போடுங்கள். ஒரே கிழமையில் மூன்று நான்கு செத்தால் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். புதிதாகச் செத்த ஒன்றைப் பையில் கட்டிக் கொண்டுபோனால் வைத்தியருக்கு வேலை இலகு. பார்மசியில் மனிதருக்கு விற்கும் கப்சூலை உடைத்துத் தீனில் கலக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அது வேண்டாம். கோழி சுகமானதுபோலத் தெரிந்தாலும் கிருமி எச்சத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும், மருந்து முட்டையிலும் இறங்கும். பிறகு உங்கள் பிள்ளைக்கு அந்த மருந்து உண்மையாகவே தேவைப்படும் நாளில் வேலை செய்யாமல் போகலாம்.

போகுமுன் இரண்டு கேள்விகள், எல்லாக் கூட்டத்திலும் கேட்கப்படுபவை. வீட்டில் கலக்கும் தீனை அயலவருக்கு விற்கலாமா? வீட்டுக் கோழிக்குக் கலப்பது உங்கள் விருப்பம். விற்பதென்றால் சட்டம் வருகிறது, முதலில் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். சில மாதர் சங்கங்கள் சேர்ந்து செய்ய யோசிக்கின்றன. நல்ல யோசனை, முறையாகவே செய்யுங்கள்.

மற்றது, நனைந்துபோன மூடையைக் காயவைத்து மாட்டுக்கோ ஆட்டுக்கோ வைக்கலாமா? வேண்டாம். இந்தக் கிருமி மாட்டுக்கும் ஆட்டுக்கும் போகும், கன்றுக்கு இன்னும் மோசம். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கில் உண்டாகும் நஞ்சு அவித்தாலும் போகாது. கட்டிபட்ட தீனைக் கிடங்கு வெட்டி, இலைகுழையோடு போட்டு, மண்ணால் மூடிவிடுங்கள். அடுத்த போகத்தில் கத்தரிக்குப் பசளையாகும். கிடங்கு மட்டும் கிணற்றிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி இருக்கட்டும்.